பீஸ் ரேட்டில் சம்பளம் ஏறி இறங்கினால் பி.எஃப். எதன்மேல் பிடிக்க வேண்டும்?

கேள்வி இதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கும் பெண்ணுக்கு ஏப்ரலில் 11,340 ரூபாய் கூலி, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 1,361 ரூபாய். மே மாதம் ஆர்டர் குவிந்ததால் கூலி 17,860, பிடித்தம் 1,800. விகிதம் மாதாமாதம் மாறுகிறதா, அதை யார் முடிவு செய்கிறார்கள், 15,000 ரூபாயைத் தாண்டிய மாதத்தில் பி.எஃப். நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

விகிதம் மாறவில்லை. இந்தியாவில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் சம்பளம் ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் ஒன்றேதான். பிரிட்டனின் உள்ளாட்சி ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தைப் போல, சம்பளப் படிக்கு ஏற்ப 5.5 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதம் வரை விகிதமே உயரும் ஏற்பாடு இங்கே இல்லை. இங்கே மாறுவது, அந்த விகிதம் எந்தத் தொகையின்மேல் போடப்படுகிறது என்பது. பிரச்சினைகள் எல்லாம் அங்கேதான் முளைக்கின்றன.

பொதுவான விகிதம் 12 சதவீதம். தொழிலாளி 12, நிர்வாகம் 12. பீடி, சணல், செங்கல், கயிறு ஆகிய தொழில்களிலும், 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களிலும், நலிவடைந்ததாக அறிவிக்கப்பட்ட ஆலைகளிலும் 10 சதவீதம். ஆகவே பொள்ளாச்சியில் கயிறு திரிப்பவருக்கும் திருப்பூரில் தைப்பவருக்கும் பிடித்தம் வேறுபடுவதில் தவறு எதுவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்களும் பி.எஃப். வரம்புக்குள் வரும் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது.

நிர்வாகத்தின் 12 சதவீதம் அப்படியே பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதிலிருந்து 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதமுள்ள 3.67 சதவீதம்தான் பி.எஃப். இருப்பில் சேரும். 10 சதவீத நிறுவனங்களிலும் ஓய்வூதியப் பங்கு அதே 8.33 தான். 6,000 ரூபாய் கூலி வாங்கும் பீடித் தொழிலாளிக்கு நிர்வாகம் கட்டும் 600 ரூபாயில் 500 ஓய்வூதியத்துக்குப் போய், வெறும் 100 ரூபாய்தான் இருப்பில் ஏறும். பாஸ்புக்கைப் பார்த்து "முதலாளி குறைவாகக் கட்டுகிறார்" என்று பலர் பதறுவது இதனால்தான். இவை தவிர இறப்புக் காப்பீட்டுக்கு 0.5 சதவீதமும், நிர்வாகக் கட்டணமாக 0.5 சதவீதமும் கம்பெனி கட்டவேண்டும். அந்த ஒரு சதவீதத்தையோ, நிர்வாகத்தின் 12 சதவீதத்தையோ தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்க எந்த வழியும் இல்லை. பீஸ் ரேட்டைப் பேசும்போதே "பி.எஃப். உட்பட" என்று பேசிவிட்டு, இரண்டு பங்கையும் வாரச் சம்பளம் போடும் சனிக்கிழமைக் கணக்கில் கழிப்பது சட்டவிரோதம்.

இனி எந்தத் தொகையின்மேல் என்பதற்கு வருவோம். திட்டத்தின் விதி சொல்வது: நாள், வாரம், இரு வாரம், மாதம் என எந்தக் கணக்கில் கூலி கொடுத்தாலும், அந்த மாதம் முழுவதும் உண்மையில் பெற்ற அடிப்படைக் கூலி, பஞ்சப்படி, இருத்தல் படி (வேலை இல்லாத காலத்தில் தொழிலாளியைத் தக்கவைக்கத் தரும் படி) ஆகியவற்றின்மேல் பங்களிப்பு போட வேண்டும். "உண்மையில் பெற்ற" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டுச் சராசரியோ, கம்பெனி தானாக முடிவு செய்த ஒரு நிலையான தொகையோ செல்லாது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குத் தைத்த உருப்படிக்கான கூலியே அடிப்படைக் கூலி. மாதம் 11,340 என்றால் 11,340-ன்மேல். அடுத்த மாதம் 8,200 என்றால் 8,200-ன்மேல்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மாதாமாதம் கணக்குப் போடச் சோம்பி, எல்லாருக்கும் 9,000 ரூபாய் என்று ஒரே பி.எஃப். கூலியை எழுதிவிடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது. பாஸ்புக்கில் 12 மாதமும் உங்கள் பங்கு 1,080 ரூபாய் என்று ஒரே எண்ணாக நிற்கும். கூலி ஏறி இறங்கும் ஒருவருக்கு அப்படி நிற்கவே முடியாது.

எதையெல்லாம் கூலியில் சேர்ப்பது? ஓவர்டைம் சேராது. வீட்டு வாடகைப்படி, கமிஷன், போனஸ் சேராது. திருப்பூர்க் கணக்கில் ஒன்றரை ஷிப்ட் ஓடினால், ஒரு ஷிப்டுக்கான கூலி பி.எஃப்.-க்கு உள்ளே, அந்த அரை ஷிப்ட் ஓவர்டைமாகப் பதிவேட்டில் தனியே இருந்தால் வெளியே. தனியே எழுதாமல் மொத்த உருப்படிக்கும் ஒரே தொகை போட்டிருந்தால், பின்னால் ஆய்வு வரும்போது "அதில் பாதி ஓ.டி." என்று நிர்வாகம் சொல்லித் தப்புவது கடினம்.

இன்சென்டிவ் விஷயத்தில் தெளிவான கோடு இருக்கிறது. நிர்ணயித்த அளவுக்குமேல் தைத்தவருக்கு மட்டும் கிடைக்கும் உற்பத்தி ஊக்கத்தொகை அடிப்படைக் கூலி ஆகாது. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஆனால் "ஸ்பெஷல் அலவன்ஸ்", "பயணப்படி" என்று பெயர் வைத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி, வேலை கூடினாலும் குறைந்தாலும் கொடுக்கும் தொகை கூலியேதான் என்று 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சோதித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: கூடுதலாக உழைத்தவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா? பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இன்னொரு சோதனையும் சேர்ந்திருக்கிறது. வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம், கமிஷன் போன்ற விலக்குத் தொகைகளின் கூட்டு, மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியாகவே கருதப்படும். மொத்தம் 20,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 7,000, விலக்குத் தொகைகள் 13,000 என்றால், பாதியான 10,000-க்கு மேல் உள்ள 3,000 கூலியில் சேர்ந்து, பி.எஃப். கூலி 10,000 ஆகும். பீஸ் ரேட் மட்டும் வாங்குபவருக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது. குறைந்த பேசிக்கும் நிறைய அலவன்ஸுமாகச் சம்பளம் பிரித்திருப்பவர்களுக்கும், கமிஷனில் ஓடும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் இது முக்கியம். கமிஷன் மாறும் என்பதால், ஒரு மாதம் பாதியைத் தாண்டும், மறு மாதம் தாண்டாது. அந்தந்த மாதம் பார்க்க வேண்டிய கணக்கு இது.

அடுத்து 15,000 ரூபாய் வரம்பு. 2014 செப்டம்பர் 1-லிருந்து இருக்கும் வரம்பு இது, அதற்குமுன் 6,500. ஒருமுறை உறுப்பினர் ஆனபின் கூலி 15,000-ஐத் தாண்டினால் உறுப்பினர் நிலை போகாது, பிடித்தமும் நிற்காது. அந்த மாதம் 15,000-க்கான பங்களிப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் சலுகை. ஆகவே மே மாதம் 1,800 பிடித்தது சட்டப்படி சரி. கேள்வியில் உள்ள இரண்டு மாதங்களை விரித்துப் பார்ப்போம்.

ஏப்ரல் கூலி 11,340. தொழிலாளி பங்கு 12 சதவீதம் 1,360.80, முழு ரூபாயாக்கினால் 1,361. நிர்வாகப் பங்கும் 1,361; அதில் ஓய்வூதியம் 945, மீதி 416 பி.எஃப். இருப்புக்கு. மே மாதம் 15,000-க்குக் கணக்கிட்டால் 1,800. நிர்வாகத்தின் 1,800-ல் ஓய்வூதியம் 1,250, இருப்புக்கு 550. முழுத் தொகையான 17,860-க்கும் கட்டியிருந்தால் இருவர் பங்கும் 2,143 வீதம் வரும். ஓய்வூதியம் அதே 1,250 தான், இருப்புக்கு 893.

இங்கே பலர் கவனிக்காத ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. இரண்டு மாதக் கூலியையும் கூட்டினால் 29,200; சராசரி 14,600. மாதம் தவறாமல் 14,600 வாங்கும் ஒருவருக்கு இரண்டு மாதமும் முழுக் கூலிக்கும் பி.எஃப். உண்டு. ஏறி இறங்கும் கூலிக்காரருக்கோ 11,340-ம் 15,000-ம் சேர்ந்து 26,340-க்குத்தான். ஒரே சம்பாத்தியம், ஆனால் 2,860 ரூபாய் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. வரம்பு மாதத்துக்கு மாதம் வெட்டுகிறது, சராசரியைப் பார்ப்பதில்லை. குறைந்த மாதத்தின் பள்ளத்தை நிறைந்த மாதத்தின் மேட்டால் நிரப்ப வழியில்லை. சீசனில் குவித்துவிட்டு மற்ற மாதங்களில் காய்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் இப்படியே போகும்.

இதற்குப் பாதி மருந்து உண்டு. தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து எழுத்தில் விருப்பம் கொடுத்தால், 15,000-க்கு மேலுள்ள கூலிக்கும் பங்களிக்கலாம். நிர்வாகம் மறுத்தால், தொழிலாளி மட்டும் தன் பங்கைக் கூட்டிக் கட்டலாம். அதற்கு ஈடாகக் கட்ட நிர்வாகத்துக்குக் கட்டாயம் இல்லை. எந்த வழியில் போனாலும் ஓய்வூதியப் பங்கு மாதம் 1,250-ல் நின்றுவிடும். அதனால் பாதி மருந்து என்கிறேன். ஆனாலும் கூலி மாறுபவர்கள் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது என்பதே என் கருத்து.

சேரும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. 2014 செப்டம்பர் 1-க்குப் பின் முதன்முதலாகச் சேர்ந்து, சேரும்போதே பி.எஃப். கூலி 15,000-க்கு மேல் இருந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. நிர்வாகத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். இருப்புக்கே போகும். சேரும்போது 15,000-க்குள் இருந்து, பின்னால் தாண்டினால் ஓய்வூதிய உறுப்பினர் நிலை தொடரும். இதைக் குழப்பிக்கொண்டு, கூலி 15,000-ஐத் தாண்டிய மாதத்தில் மட்டும், கம்பெனி ஏற்றும் மாதக் கணக்கில் ஓய்வூதியக் கூலி என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிடும் அக்கவுண்டன்ட்கள் உண்டு. மே மாதம் அந்தக் கட்டத்தில் 15,000 இருக்க வேண்டும். பூஜ்யம் விழுந்தால் அந்த மாதம் ஓய்வூதியச் சேவையில் ஓட்டை. பல ஆண்டு கழித்து ஓய்வூதியம் கேட்கும்போதுதான் தெரியவரும். பூஜ்யம் சரியாக இருக்கும் ஓர் இடம் உண்டு: 58 வயது முடிந்தபின்.

தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.-யோடும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே வரம்பு 21,000. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு மாதக் காலம் உண்டு; நடுவில் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். பி.எஃப்.-ல் அப்படிக் கால அளவு எதுவும் இல்லை.

இப்போது, என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிகவும் அலட்சியமாக விடப்படும் பகுதிக்கு வருகிறேன். கம்பெனி மாதாமாதம் இணையத்தில் ஏற்றும் இ.சி.ஆர். என்ற பங்களிப்புக் கணக்குக் கோப்பில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி இருக்கும்: யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்), பெயர், மொத்தக் கூலி, பி.எஃப். கூலி, ஓய்வூதியக் கூலி, காப்பீட்டுக் கூலி, மூன்று பங்களிப்புத் தொகைகள், அவற்றுக்கு அடுத்து என்.சி.பி. நாட்கள். என்.சி.பி. என்றால் கூலி இல்லாத, அதனால் பங்களிப்பும் இல்லாத நாட்கள். சம்பளம் மாறாத அலுவலகங்களில் அங்கே பூஜ்யம் போட்டுப் பழகிவிட்டார்கள். பீஸ் ரேட்டில் அந்தக் கட்டம் ஓய்வூதியத்தையே மாற்றும்.

ஓய்வூதியச் சூத்திரம்: கடைசி 60 மாதச் சராசரிக் கூலி, பெருக்கல் சேவை ஆண்டுகள், வகுத்தல் 70. அந்த 60 மாதத்தில் கூலி இல்லாத நாட்கள் இருந்தால், மொத்தக் கூலியை உண்மையில் கூலி பெற்ற நாட்களால் வகுத்து, 30-ஆல் பெருக்கிச் சராசரி எடுக்க வேண்டும் என்பது விதி. மறுபக்கம், அந்த நாட்கள் சேவையிலிருந்து கழியும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2014 அக்டோபரில் சேர்ந்து 2035 அக்டோபரில் 58 முடிக்கும் ஒருவர். 21 ஆண்டு சேவை. கடைசி ஐந்து ஆண்டுகளில் உடல்நிலை காரணமாக மாதம் ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. மாதம் 10,500 ரூபாய் வாங்கினார். என்.சி.பி. பூஜ்யம் என்று போட்டால் சராசரி 10,500. சேவை 20 ஆண்டைத் தாண்டியதால் 2 ஆண்டு கூடுதல் சலுகை சேர்ந்து 23. ஓய்வூதியம் 10,500 × 23 ÷ 70 = 3,450. ஐந்து நாள் என்று சரியாக எழுதினால், 25 நாள் கூலி 10,500 என்பது 30 நாளுக்கு 12,600 ஆகும். சேவையில் 300 நாள் கழிந்து 20 ஆண்டு 2 மாதம். அது 20 ஆகி, சலுகையோடு 22. ஓய்வூதியம் 12,600 × 22 ÷ 70 = 3,960. சரியாக எழுதிய அந்த ஒரு எண்ணால் மாதம் 510 ரூபாய், வாழ்நாள் முழுவதும்.

எப்போதும் இது லாபமாகவே முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. அவரே 21 ஆண்டும் மாதம் ஐந்து நாள் வராமல் இருந்திருந்தால், கழியும் நாட்களால் சேவை 18 ஆண்டுக்கு இறங்கி, 20 ஆண்டுச் சலுகையும் போய், 12,600 × 18 ÷ 70 = 3,240 தான் வரும். ஆகவே கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் இருப்பதை அப்படியே எழுத வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கொடியது. சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமையையும் கூலி இல்லாத நாள் என்று எழுதிவிடுகிறார்கள். வார விடுமுறை என்.சி.பி. அல்ல. மாதம் நான்கு என்று வைத்தாலே ஆண்டுக்கு 48 நாள். பத்தரை ஆண்டு வேலை பார்த்த ஒருவருக்கு 504 நாள் கழிந்து, சேவை 9 ஆண்டு 1 மாதம் ஆகிவிடும். மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் அடுத்த ஆண்டாக எடுப்பார்கள். அவருக்கு மாத ஓய்வூதியமே இல்லாமல் போய், ஒருமுறை தரும் தொகையோடு முடிந்துவிடும். பத்தரை ஆண்டு உழைப்பு, ஒரு கட்டத்தில் தவறாக விழுந்த 4 என்ற எண்ணால் இப்படி ஆவதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. ஆண்டுக்குச் சில மாதம் மட்டும் ஓடும் பருவகாலத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் தனி விதி: அங்கே சீசனில் செய்த வேலை முழு ஆண்டுச் சேவையாகவே கொள்ளப்படும்.

காப்பீட்டையும் மறக்க வேண்டாம். வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது கடைசி 12 மாதச் சராசரிக் கூலியின் 35 மடங்கும், அந்த 12 மாத சராசரி பி.எஃப். இருப்பில் பாதியும், இரண்டாவது பகுதிக்கு உச்சம் 1.75 லட்சம், மொத்த உச்சம் 7 லட்சம். பி.எஃப். கூலியைக் குறைத்துக் காட்டினால் பாதிக்கப்படுவது வீட்டில் இருப்பவர்கள்.

அரியர் பற்றிக் கொஞ்சம். பீஸ் ரேட் ஒப்பந்தம் பின்தேதியிட்டு உயரும்போது, ஆறு மாத நிலுவை 9,000 ரூபாய் ஒரே சனிக்கிழமை கைக்கு வரும். அதை அந்த மாதக் கூலியோடு சேர்த்தால் 15,000 வரம்பு பெரும்பகுதியை விழுங்கிவிடும். மாதத்துக்கு 1,500 வீதம் அந்தந்த மாதத்துக்குப் பிரித்து, அரியர் கோப்பாகத் தனியே ஏற்ற வேண்டும். ஓய்வூதியப் பங்கும் அந்தந்த மாத வரம்புக்குள் கணக்காகும்.

வாரச் சம்பளத்தில் மாதம் முடியும் வாரம் இரண்டு மாதத்தில் விழும். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் கூலி 15,000-ஐத் தாண்டியதாகத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். உற்பத்தி நோட்டில் தேதிவாரியாக உருப்படி எழுதியிருந்தால் நாள் கணக்கில் சரியாகப் பிரிக்கலாம். வார மொத்தம் மட்டும் எழுதும் இடங்களில்தான் சிக்கல்.

கணக்கு முடிக்கத் தாமதமாகி ஒரு மாதத் தொழிலாளி பங்கைப் பிடிக்க மறந்துவிட்டால், நிர்வாகம் அதை அடுத்த மாதக் கூலியில் நினைத்தபடி பிடிக்க முடியாது. எழுத்துப் பிழையால் நேர்ந்தது என்றால், அதுவும் ஆய்வாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடுதான். இல்லாவிட்டால் இரண்டு பங்கும் கம்பெனியின் பொறுப்பு. மாதப் பங்களிப்பை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதன்மேல் மாதத்துக்கு 1 சதவீதத் தண்டத்தொகை. காண்ட்ராக்டரிடம் வேலை செய்பவர்களுக்கு அவர் கட்டாவிட்டால், வேலை கொடுத்த கம்பெனியே கட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர் செய்ய வேண்டியது: ஏப்ரல், மே சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸ்புக்கில் ஏப்ரலுக்கு 1,361, 416, 945 என்றும், மே மாதத்துக்கு 1,800, 550, 1,250 என்றும் இருந்தால் தொகை சரி. கையில் ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் யு.ஏ.என்.-ல் பதிந்த கைபேசியிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசிப் பங்களிப்பும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். என்.சி.பி. நாட்களை மட்டும் கம்பெனி அலுவலகத்தில் இ.சி.ஆர். நகலைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தவறு இருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். திருத்தவில்லை என்றால் பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.-வின் குறைதீர் இணையதளத்தில் அந்த நகலையும் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்துப் பதியுங்கள். மாதாமாதம் 27-ம் தேதி மாவட்டங்களில் நடக்கும் குறைதீர் முகாமிலும் நேரில் கொடுக்கலாம். உற்பத்தி நோட்டின் உங்கள் பக்கத்தை வாராவாரம் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பீஸ் ரேட்டில் எத்தனை உருப்படி, எத்தனை நாள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.